அந்தப் பன்றி அங்கேயே இருக்கட்டும்

காரைக்குடி,
ஆவணி மாதம்

அன்புள்ள சொக்கு,

கடிதமும் போட்டோக்களும் வந்தன. அந்தக் குண்டுப் பன்றியின் வயிற்றை ஆச்சி சொறிந்துகொண்டிருக்கும் படத்தை என் வீட்டுக்காரி தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். "வெள்ளாட்டுக்குத் தொங்குற மாதிரி பன்றிக்கும் தாடையில தொங்குதே!" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

ஊருக்கே திரும்பி வந்து, அப்பச்சி விட்டுப்போன தோட்டத்தில் படத்தில் இருக்கிற அந்தக் குனேகுனே இனப் பன்றியும் கடாடின் இனச் செம்மறியும் வளர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நீ வா. அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வா.

செம்மறி விஷயத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக்காரர் ஒருவர் 1957-ல் கரீபியத் தீவிலிருந்து கம்பளி இல்லாத ஆடுகளை வரவழைத்து, பல வருஷம் கலப்புச் செய்து கடாடினை உண்டாக்கினார். எல்லாம் மயிர் கத்தரிக்கிற வேலை வேண்டாம் என்றுதானே? நம் ராமநாதபுரம் வெள்ளையும் கீழக்கரிசலும் வேம்பூர் ஆடும் இயல்பிலேயே அப்படித்தான். அறுப்பு முடிந்ததும் ஊர் ஊராக ஆடு மேய்க்கிற கீதாரிகள் எருவுக்காக வயலில் கிடை போட வருவார்களே, நினைவிருக்கிறதா? ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம். அவர்களிடமே இரண்டாம் ஈத்துப் பெட்டைகளாகப் பார்த்து வாங்கு. கிடாயை மட்டும் வேறு மந்தையில் எடு. மழைக்கு முன் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசி இரண்டையும் போட்டுவிடு. ஐப்பசி, கார்த்திகையில் நீலநாக்கு நோய் வரும். அதைப் பரப்புவது கொசுவைவிடச் சின்னப் பூச்சி, அதனால் பட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

பன்றிக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். குனேகுனேக்கு மூக்குக் குட்டை, புல்லை மேய்ந்துகொண்டு கிடக்கும். நம் நாட்டுக் கருப்புப் பன்றிக்குக் கோரைக்கிழங்கு வாசம் பட்டால் தோண்டித் தள்ளிவிடும், வரப்பு மிஞ்சாது. வேலிக்கு அடியில் ஒரு வரிசை செம்புராங்கல் புதைத்தால்தான் நிற்கும். பண்ணைகளில் இருக்கிற வெள்ளை யார்க்‌ஷயர் சாதுதான், ஆனால் சித்திரை வெயிலில் தோல் வெந்துபோகும். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது, நிழலும் சேறும் இல்லாமல் அதை வளர்க்கவே கூடாது.

சாதுவான இனம் என்று நீ திரும்பத் திரும்ப எழுதுகிறாய். அதில் பாதிதான் இனம், மீதி குட்டியிலிருந்தே நீ பக்கத்தில் உட்கார்ந்து தீனி வைப்பதில் இருக்கிறது. அப்படி வளர்த்தாலும், குட்டி கத்தினால் தாய் கடிக்க வந்துவிடும். ஈன்ற பன்றியின் பட்டிக்குள் பேரனை விடாதே.

கல்யாண வீட்டு மிச்சத்தைத் தீனியாக வாங்கலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் நம் பந்தியில் ஊறுகாயும் அப்பளமும் எவ்வளவு என்று உனக்கே தெரியும். உப்பு ஏறி, குடிக்கத் தண்ணீரும் குறைந்தால் பன்றிக்கு வலிப்பு வரும். கொதிக்க வைக்காமலும் போடாதே. 2020-ல் அசாம் பக்கம் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இப்படி எச்சில் தீனி வழியாகவும் பரவும், வந்தால் மருந்து கிடையாது.

இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைக்கப் போகிறாய் என்பதால் இதை முக்கியமாகக் கவனி. பன்றித் தீவனத்தில் தாமிரம் சேர்த்திருப்பார்கள். செம்மறிக்கு அது ஆகாது. ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென்று சிவப்பாக மூத்திரம் பெய்து செத்துப்போகும். பன்றித் தொட்டிப் பக்கம் ஆடு போகவே வழி இருக்கக் கூடாது.

ஊரார் வாயையும் சொல்லிவிடுகிறேன். நான் பன்றிப் பட்டி போட்டதிலிருந்து பங்காளி ஒருவர் என் வீட்டில் காப்பி குடிப்பதில்லை. பேச்சுக்கு மட்டும் திண்ணைக்கு வருகிறார், நானும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. உனக்கும் அப்படி நாலு பேர் கிடைப்பார்கள்.

முதல் வருஷம் ஆடு மட்டும் போதும் என்பது என் எண்ணம். கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பன்றியைப் பற்றிப் பேசுவோம். தென்பக்க வேலி பக்கத்துக்காரர் நிலத்துக்குள் போயிருக்கிறது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பத்திரத்தின் நகலை அனுப்பு, சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்துவிடுகிறேன்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா