எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் பேசியபோது, நீ எடுக்கிற படம் முடிகிறவரை அறிவியல் புனைகதைக் கட்டுரைகளை நிறுத்தப்போவதாகச் சொன்னாய். "காசு வராத வேலைப்பா" என்றாய். போனில் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே பாப்பா.

வில்சன் டக்கரைப் பற்றி நீ எழுதியதை இன்னும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர், ஆனால் பிழைப்புக்கு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ப்ளூமிங்டனில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். அந்த வேலை எனக்குத் தெரியும். மெஷினில் வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய நகர்த்திக் கொடுக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம்தான் நமக்குச் சொந்தம். அப்படி ஒரு பிழைப்பு பார்த்துக்கொண்டே அந்த மனிதர் 1938-லிருந்து சொந்தமாக ஒரு அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் நடத்தியிருக்கிறார்! அரைத்த மாவையே அரைக்கிற ராக்கெட் கதைகளைத் திட்டுவதற்கு 1941-ல் அவர் வைத்த பெயர்தானே 'ஸ்பேஸ் ஆபரா'. 1970-ல், அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கிற ஹியூகோ விருதுகளில் ரசிக எழுத்தாளருக்கானதையும் வாங்கினார். காசுக்காக எழுதாத எழுத்துக்கென்றே உள்ள விருது அது. உங்கள் நியூசிலாந்திலும் சர் ஜூலியஸ் வோகல் விருதுகளில் ரசிக எழுத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 1889-ல் எதிர்காலத்தைப் பற்றி நாவல் எழுதிய முன்னாள் பிரதமரின் பெயரில் விருது வைத்திருக்கிற நாடு அது.

உனக்கு நேரம் போதவில்லை என்பது புரிகிறது. வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறு ஷூட்டிங். நீ இருக்கிற வெலிங்டனிலேயே, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்த பீட்டர் ஜாக்சன் அப்படித்தான் ஆரம்பித்தார். பத்திரிகை ஆபீசில், போட்டோக்களை அச்சடிக்க பிளாக் செய்கிற வேலை. வார விடுமுறைகளில் நண்பர்களை வைத்து நாலு வருஷம் தன் முதல் முழுநீளப் படமான 'பேட் டேஸ்ட்' எடுத்தார். சாவி கொடுத்து ஓட்டுகிற போலெக்ஸ் கேமரா, ஒரு தடவை முறுக்கினால் அரை நிமிஷம்கூட ஓடாது. குரல், சத்தம் எல்லாம் அப்புறம் சேர்த்ததுதான். வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளை அவருடைய அம்மாவின் அடுப்பில் வைத்துச் சுட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி" என்றாள்.

நீ அனுப்பிய அரை மணி நேரத்தைப் பார்த்தேன். கடற்கரையில் அந்தப் பெண் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருக்கிறாள், வசனமே கிடையாது. ஒரு இடத்தில் இரைச்சல் சட்டென்று நிற்கிறது, அவள் கை மட்டும் திருகுவதை நிறுத்தவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது? வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களைக் காட்டாமல் விட்ட படங்கள்தான் நிஜமாகப் பயமுறுத்துகின்றன என்று கட்டுரையில் மல்லுக்கட்டினாயே, அதிலிருந்துதான் வந்தது. அதை எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி உனக்குத் தோன்றியிருக்காது.

ஆனால் கடைசியில் அந்த விஞ்ஞானி வந்து எல்லாவற்றையும் விளக்குகிறாரே, அது வேண்டாம் பாப்பா. வேறு யாராவது இப்படி எடுத்திருந்தால் நீ எழுதிக் கிழித்திருப்பாய். உன் படத்தையும் அதே கண்ணோடு பார். அந்தக் கண் மங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. மாதத்துக்கு ஒரு கட்டுரை போதும், சின்னதாக இருந்தாலும் சரி.

வேலையை விடாதே, கடனும் வாங்காதே. படம் ஒரு வருஷம் தள்ளிப் போனால் போகட்டும். ஒலிக்கலவைக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுது. பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவுக்கும் சம்மதம்தான். அப்புறம், டக்கர் கட்டுரைக்கு அடுத்த பகுதி உண்டு என்று போட்டிருந்தாய். அதை முடித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா