கையில் தாளம் ஏந்திய அம்மை

அன்பு மகள் கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய படமும் கிடைத்தன. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் முன்னால் வெகுநேரம் நின்றதாகவும், பார்த்தவுடன் அச்சமும் சற்று நேரத்தில் காரணம் புரியாமல் அழுகையும் வந்ததாகவும் எழுதியிருந்தாய். கடவுளரை அத்தனை அழகாக வார்த்தவர்கள், கடவுளிடம் அன்பு வைத்த ஒரு பெண்ணை மட்டும் ஏன் எலும்பும் தோலுமாக வார்த்தார்கள் என்றும் கேட்டிருந்தாய்.

இந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்பது இது இரண்டாம் முறை. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கோயில் திருச்சுற்றில் சிவனடியார் அறுபத்து மூவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த நீ ஓரிடத்தில் நின்று, "எல்லாரும் நிற்கிறார்கள், இந்தப் பாட்டி மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? இவருக்கு யாரும் சாப்பாடு போடவில்லையா?" என்று கேட்டாய். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்பதற்காக நான் உன் கையை இழுத்து, சாமி இருக்கும் இடத்தில் அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அதட்டினேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன், சொந்தப் பெண் ஒரு சிலையைப் பார்த்துக் கேட்ட மிக நல்ல கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது இத்தனை ஆண்டுகளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் கடவுளர் உருவம் எப்படிப் பிறக்கிறது என்று பார். சுவாமிமலையில் ஸ்தபதி ஒருவர் வேலை தொடங்குவதை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் எடுத்த முதல் கருவி உளியன்று. ஒரு தென்னை ஓலை நறுக்கு. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று மடிப்புகளாலேயே உடம்பை வகுத்துக்கொண்டார். ஒடி ஓலை என்பது அதன் பெயர். முகத்தின் நீளமே தாளம் என்னும் அளவு. சிவனுக்கும் திருமாலுக்கும் உரிய உத்தம தசதாளம் என்னும் பத்துத் தாள அளவில் உடல் 124 கூறுகளாகப் பகுக்கப்படும். தேவியருக்கு அதைவிடச் சற்றுக் குறையும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் அந்த அளவுப்படி உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான்.

அப்படிப் பிறந்த கடவுளின் முகத்தில் பெரும்பாலும் கலக்கம் இருப்பதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரை நினைத்துப் பார். காலடியில் முயலகன் கிடக்கிறான். ஒரு கால் மேலே வீசி நிற்கிறது. முகமோ அந்த ஆட்டத்தின் நடுவே அசையாத குளத்து நீர்போல இருக்கிறது. தஞ்சை ஓவியக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு இடப வாகனரை உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தச் செப்புத் திருமேனி, இப்போது இல்லாத ஒரு காளையின் மேல் கையை ஊன்றியபடி, காளை இல்லாத குறையே தெரியாமல் நிற்கிறது. அந்த நிறைவு ஓலையின் அளவு தருகிற நிறைவு.

இதற்கு மாறாகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட வழியில், நாயக்கர் கால வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே முப்புரம் எரித்த சிவனின் விழிகளில் சினம் கொப்பளிக்கிறது. ஆனால் அந்தச் சுவரிலும் என் கண் முதலில் போவது எதிரே நிற்கும் அசுரர் பக்கத்துக்குத்தான். போருக்குப் புறப்பட்ட கணவன்மாரைப் போக விடாமல் பற்றிக்கொள்ளும் பெண்களின் அச்சத்தை, அவர்கள் பகைவரின் பெண்கள் என்பதற்காக அந்த ஓவியர் சிறிதும் குறைத்து வரையவில்லை.

இனி அம்மையாருக்கு வருகிறேன். இவருடைய உருவம் ஓலையிலிருந்து வந்ததன்று. அவருடைய பாட்டிலிருந்து வந்தது என்பதே என் உறுதியான எண்ணம். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே அம்மையார் ஒரு பெண்பேயை வருணிக்கிறார். வற்றிய மார்பு, புடைத்தெழுந்த நரம்பு, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, நீண்ட கணைக்கால் என்று உறுப்பு உறுப்பாக, எதையும் மூடி மறைக்காமல் அவர் சொல்லிக்கொண்டு போகிறார். பதிகத்தின் முடிவில் தம்மையே காரைக்கால் பேய் என்று குறிப்பிடுகிறார். அதைப் படித்துவிட்டு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தால், பாட்டைக் கேட்டுக்கொண்டே மெழுகைப் பிடித்திருக்கிறார் அந்தக் கைவினைஞர் என்று எனக்குத் தோன்றுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, ஒரு சாண் உயரமே உள்ள அந்தத் திருமேனியில் அம்மையார் பாடிய உடம்பு அப்படியே இருக்கிறது.

அந்த உடம்பு அவர்மீது சுமத்தப்பட்டதன்று, கண்ணம்மா, அவரே கேட்டுப் பெற்றது. வணிகர் குலத்துப் புனிதவதியாக இருந்தபோது அவர் இறைவனிடம் மாங்கனி பெற்ற அற்புதத்தைக் கண்டு கணவன் பரமதத்தன் அஞ்சிப் பிரிந்தான். பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர்கள் அம்மையாரை அங்கே அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு வந்து அவர் காலில் விழுந்தான். கணவனுக்காகவே தாங்கியிருந்த அழகுத் தசை இனி எதற்கு என்று எண்ணி, அதைக் கழித்துவிட்டு இறைவனைப் போற்றும் பேய் வடிவைத் தருமாறு அவர் வேண்டினார். ஆண்களின் கண்ணுக்குரியதாக இருந்த உடம்பை ஒருத்தி கழற்றி வைத்ததன் மிச்சம்தான் நீ பார்த்தது. கயிலை மலையில் காலை ஊன்ற மனம் வராமல் தலையாலேயே நடந்து ஏறியவரை இறைவன் "அம்மையே" என்று அழைத்தான். தாயும் தந்தையும் இல்லாதவன் ஒருவரைத் தாய் என்று அழைத்தான் என்றால், அவர் முன்னால் மற்றவர்கள் நிற்பதும் அவர் மட்டும் அமர்ந்திருப்பதும் முறைதானே? நீ ஒன்பது வயதில் கேட்டதன் முதல் பாதிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

உனக்கு அச்சம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கோயிலில் இந்தத் திருமேனிகளை ஆடை சாத்தி, மாலை சூட்டித்தான் பார்க்கிறோம். முகமும் கைகளும் மட்டுமே வெளியே தெரியும். அருங்காட்சியகத்தில் பட்டும் பூவும் விளக்கொளியும் இல்லை. நீ அம்மையாரை முழுமையாகப் பார்த்தது அன்றுதான்.

அடியார்களின் கதையில் வரும் தந்தையரைப் பற்றியும் உனக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். சீர்காழிக் குளக்கரையில் யார் கொடுத்த பாலை உண்டாய் என்று கோலை ஓங்கிய தந்தைக்கு, சம்பந்தக் குழந்தை பால் தந்த இறைவனை நோக்கி விரலை நீட்டிக் காட்டியது. செப்புத் திருமேனிகளில் ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் சுட்டிய விரலுமாகக் குழந்தை நிற்பது அதனால்தான். அந்த விரலும் கிண்ணமும் இல்லையென்றால் ஆடும் கண்ணன் என்று எண்ணி ஏமாறவும் கூடும். சேய்ஞலூரில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டிக்கொண்டிருந்த விசாரசருமரை, பாலை வீணாக்குகிறான் என்று தந்தை கோலால் அடித்தார். பூசையில் ஆழ்ந்திருந்த பிள்ளை உணரவில்லை. தந்தை பால்குடத்தைக் காலால் இடறினார். பிள்ளை அருகில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாகி அந்தக் காலை வெட்டியது. தந்தையாக இருந்துகொண்டு இந்தக் கதையைப் படிப்பது எளிதன்று. பல ஆண்டுகள் நான் இதைத் தவிர்த்தே வந்தேன்.

பிறகு கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் வடக்கு வாயிற்படியை ஒட்டிய சிற்பத்தின் முன் ஒரு மாலை நின்றேன். தேவியோடு அமர்ந்திருக்கும் சிவன், பின்னிரு கைகளை அவற்றின் வேலைக்கு விட்டுவிட்டு, முன்னிரு கைகளாலும், சண்டேசர் என்று பெயர்பெற்ற அந்த விசாரசருமரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். இனி உனக்கு நானே தந்தை என்று அவன் சொன்னதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய நொடி அது. அந்தச் சிறுவன் கைகூப்பித் தலையைத் தாழ்த்தியிருக்கிறான். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறவரின் கைகள் எவ்வளவு கவனமாக இருக்குமோ, அவ்வளவு கவனம் அந்தக் கல் விரல்களில் இருக்கிறது. அது ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டும் குறிப்பு என்று கருதும் அறிஞர்களும் உண்டு, இருக்கலாம். எனக்கு அங்கே அரசன் தெரியவில்லை. வெட்டுண்ட தந்தைக்கும் குற்றம் நீங்கிச் சிவலோகம் கிடைத்தது என்று அதே புராணம் சொல்வது அப்போது நினைவுக்கு வர, வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதே கோயிலின் தென்புறச் சுவரில் ஆடும் இறைவனின் காலடியில் அம்மையார் சிறிய உருவமாக அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது அங்கேதான் எனக்கு விளங்கியது. வயிறு ஒட்டியிருந்தாலும் அந்த முகத்தில் பசி இல்லை. கண்ணெதிரே ஆட்டம் நடக்கிறது. அதற்குத் தாளம் அவர் கையில் இருக்கிறது.

உன் படத்தை வைத்துக்கொண்டு பத்து நாட்களாக அம்மையாரைப் பென்சிலில் வரைந்து வருகிறேன். கழுத்தெலும்பும் விலாவும் முடிந்துவிட்டன. முகமும் ஓரளவு வந்திருக்கிறது. கைகள்தான் வரவில்லை. நீ எடுத்த கோணத்தில், இரண்டு தாளங்களும் மோதப்போகின்றனவா, மோதி விலகுகின்றனவா என்று தெரியவில்லை. அடுத்த விடுமுறை நாளில் மறுபடி போனால், பக்கவாட்டில் நின்று அந்தக் கைகளை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதுவரை அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா