தாத்தா சொன்னது ஆதாரமாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் பேத்தி, சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் நடந்த தீ விபத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத என்னிடம் வந்தாள். அந்தத் தீ பிடித்தபோது எனக்கு ஏழு வயது. தியோங் பாருவில் குடியிருந்தோம். புகையைக் கண்ணால் பார்த்தவன் ஆயிற்றே! "1960, தீபாவளி நேரம், நூற்றுக்கணக்கில் செத்தாங்க" என்று அடித்துச் சொன்னேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஆசிரியை விடவில்லை. "தாத்தா சொன்னதை எழுது, ஆனா சரிபார்த்து எழுது" என்றாராம். இருவரும் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனோம். நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்களைத் தேடினாள். தீ பிடித்தது 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று. பிறகு வந்த நூல்களையும் ஒப்பிட்டோம்: இறந்தவர்கள் நால்வர், வீடிழந்தவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். எனக்கு வெட்கமாகப் போயிற்று. புகை ஒன்றுதான் நான் சரியாகச் சொன்னது.

என்னிடம் வருமுன் ஏஐ செயலியிடமும் கேட்டிருக்கிறாள். அது சொன்ன மூன்று புத்தகங்களில் ஒன்று நூலகப் பட்டியலிலேயே இல்லை. நானாவது நினைவு தப்பிச் சொன்னேன்; அது இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணும் கொடுத்திருந்தது!

பழைய நாளிதழ்களைத் தேடும் முறையை உங்கள் மாணவர் பக்கத்தில் தமிழில் விளக்கினால் என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கும் உதவும். பேத்தியின் அடிக்குறிப்பில் நானும் இருக்கிறேன்: "நேர்காணல், தாத்தா. ஆண்டும் எண்ணிக்கையும் தவறு."

வாசகர்,
புக்கிட் மேரா