த்ராட்டில் பாடியை ஆசிட்டில் முக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் ஓடும் பழைய பெட்ரோல் கார்களின் பானெட்டைத் திறந்தால், த்ராட்டில் பாடி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம் அது, அலுமினிய வார்ப்பு. உப்புக்காற்றும், ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலுமாக ஆண்டுக்கு இருமுறை பெய்யும் மழையும் சேர்ந்து அதை அரிக்கின்றன. அதைப் புதுசாக்கித் தருகிறோம் என்று கழற்றி, கக்கூஸ் கழுவும் ஆசிட்டிலோ காஸ்டிக் சோடாவிலோ முக்கி, மேலே சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் வேலை சில இடங்களில் நடக்கிறது. இதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். அழுக்கு போகும்போது மரையும் சேர்ந்து போகும். ஆசிட்டில் இருப்பது குளோரைடு. கடல் உப்பில் இருப்பதும் அதுதான். நுண்துளைகளில் தங்கிவிட்டால் பெயின்ட்டுக்கு அடியிலேயே அரிப்பு தொடரும். அடுத்த மழைக்குள் பெயின்ட் கொப்பளித்து உரியும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, உள்ளே காற்றுவழியைத் திறந்து மூடும் வட்டமான பட்டர்ஃபிளை தகட்டைக் கழற்றத்தான் வேண்டுமா என்பது. வெளிப்புறம் மட்டும் மங்கியிருந்தால் வேண்டாம். தகட்டைத் தாங்கும் ஷாஃப்ட் ஆடினாலோ, சீல் காற்றை விட்டாலோ, பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தாலோ மட்டும் கழற்றலாம். பவுடர் கோட்டிங் அடுப்பின் சூடு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். ரப்பர் சீலும் பிளாஸ்டிக் புஷ்ஷும் அதில் தாங்காது. ஆக்சிலேட்டர் கேபிள் இல்லாத, மோட்டாரால் திறக்கும் எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டையும் பல்சக்கர மூடியையும் தொடவே கூடாது. கீழே சொல்வதெல்லாம் கேபிள் வண்டிகளுக்கு.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். பல வண்டிகளில் கூலன்ட் செல்லும் இரண்டு சிறு ஹோஸ்கள் இருக்கும். ஒட்டிப்போன ஹோஸைப் பிளையரால் முறுக்கினால் அது மாட்டியிருக்கும் குழாயே ஆடிவிடும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதியது போடுவதே மேல். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் பொசிஷன் சென்சாரைத் தளர்த்துவதற்கு முன் சென்சாருக்கும் பாடிக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். ஐடிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) காற்று விடும் வால்வு, ஓ-ரிங் எல்லாவற்றையும் கழற்றித் தனியே வைக்க வேண்டும். தகடு மூடும்போது லீவர் முட்டி நிற்கும் சின்ன ஸ்க்ரூ ஒன்று உண்டு. கம்பெனியில் பெயின்ட் வைத்து அடைத்திருப்பார்கள். அதைத் திருப்பவே கூடாது. அது தளர்ந்தால் தகடு பாடியின் உட்சுவரில் போய்க் கடித்துக்கொள்ளும்.

தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள்தான் இந்த வேலையின் கண்டம். கழன்று விழாமலிருக்க அவற்றின் வால்நுனியைக் கம்பெனியிலேயே நசுக்கி விரித்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் தலையைத் திருகினால் தலை வழியும், இல்லையென்றால் ஷாஃப்ட்டிலுள்ள மரை பிய்ந்து வரும். விரிந்த நுனியை நுண்ணரத்தால் ஷாஃப்ட் மட்டத்துக்கு ராவிவிட்டு, ஸ்க்ரூ தலையில் சால்டரிங் அயர்னை ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்தித் திருப்பினால் வந்துவிடும். சுத்தியலால் அடிக்க வேண்டாம், ஷாஃப்ட் வளையும். தகட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், ஒரே வாக்கில்தான் பொருந்தும். அதனால் எது எஞ்சின் பக்கம், எது மேல் விளிம்பு என்று ஊசியால் கீறி வைக்க வேண்டும். மார்க்கரில் எழுதினால் கழுவும்போது அழிந்துவிடும். தகட்டை மூடும் ஸ்பிரிங் எத்தனை சுற்று இறுக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கழுவ மண்ணெண்ணெய், பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும், நைலான் பிரஷ். இவ்வளவு போதும். வெள்ளைப் பூப்பை வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய ஸ்காட்ச்பிரைட்டால் தேய்க்கலாம். உட்சுவரில் உப்புக்காகிதம் படவே கூடாது. தகட்டுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மிகமிகச் சிறியது. சுவர் தேய்ந்தால் காற்று கசிந்து ஐடில் ஏறி நிற்கும், எந்தச் சென்சாரை மாற்றினாலும் இறங்காது. சில பாடிகளில் தகடு மூடும் இடத்தைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அது கம்பெனி போட்ட அடைப்புப் பூச்சு, கரியென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். கண்ணாடி மணி பிளாஸ்டிங் (பொடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) செய்தால் ஐடில் காற்றுப் பாதையில் ஒரு மணிகூடத் தங்கக் கூடாது. தங்கியது நேரே சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கீறும்.

வெறும் அலுமினியத்தில் பெயின்ட் பிடிக்காது. முதலில் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர், அதன்மேல் சூடு தாங்கும் பெயின்ட் மெல்லியதாக இரண்டு கோட். கேஸ்கெட் முகம், உட்துளை, ஷாஃப்ட் துளை, சென்சார் உட்காரும் இடம் எல்லாம் டேப் ஒட்டி மறைத்திருக்க வேண்டும்.

மாட்டும்போது பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீர்கள். அதே நீளத்தில் புதிய ஸ்க்ரூ, மரையில் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு. இறுக்குவதற்கு முன் தகட்டை நாலைந்து முறை திறந்து மூடி, வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிலும் ஒரே இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கிய பிறகு, ஸ்க்ரூ தலைக்கு அடியில் பித்தளைக் கட்டை முட்டுக்கொடுத்து வால்நுனியைப் பஞ்ச் என்ற இரும்பு உளியால் மீண்டும் விரித்துவிட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூ கழன்றால் அது போவது எஞ்சினுக்குள். பிஸ்டனும் வால்வும் போன பிறகு த்ராட்டில் பாடி பளபளத்து என்ன பயன்? ஸ்பிரிங்கைக் குறித்த சுற்றுக்கே இறுக்க வேண்டும். லீவரை விட்டதும் தகடு டக்கென்று மூடாவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது. ஆக்சிலேட்டர் தூக்கியபடி நின்றுவிட்டால் மார்த்தாண்டம் நெரிசலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, புதிய கேஸ்கெட் போட்டு மாட்டியதும் மல்டிமீட்டரில் சென்சார் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் மூடியிருக்கும்போது அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். திறக்கத் திறக்க இடையில் விழாமல் 4 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளவும்.

நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயிலும் மாணவர்களுக்கு, ஓடாத பழைய பாடி ஒன்றைக் கொடுத்து, இந்த இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டுவதைச் செய்முறைப் பயிற்சியாகவே வைக்கலாம். பொறுப்பிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
தக்கலை.