காக்கா போட்ட கல்லும் கேமரூன் வண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு முன் வந்த காக்காக் கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தாகம் எடுத்த காக்கா, பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிப் போட்டது, தண்ணீர் மேலே வந்தது, குடித்துவிட்டுப் பறந்தது. கீழே பச்சைக் கட்டம் போட்டு, 'நீதி: முயற்சி திருவினை ஆக்கும்'. படம் நன்றாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு 12 மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கிய படக்கதைப் புத்தகத்திலும் இதே காக்கா, இதே நீதி. அதில் கட்டம் ரோஸ் கலர், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேத்திக்கு 7 வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போவதால் பள்ளி விட்டதும் என்னோடுதான் இருப்பாள். கதையைப் படித்து முடித்ததும், "பாட்டி, நாமளும் செஞ்சு பாக்கலாமா?" என்றாள். சரி என்று காலியான ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன். படத்தில் இருந்த மாதிரியே கால் பாட்டில் தண்ணீர் ஊற்றினாள். கார் நிறுத்துகிற இடத்தில் கிடந்த சரளைக் கல்லைப் பொறுக்கி வந்து, எண்ணி எண்ணிப் போட்டாள். பாட்டில் வாய்வரை கல் நிறைந்துவிட்டது. தண்ணீர் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுகொண்டது, ஏறவே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் எல்லாம் தண்ணீர் போய் ஒளிந்துகொண்டது. இனிமேல் கல் போடவும் இடமில்லை.

"காக்கா பொய் சொல்லுதா பாட்டி?"

என்ன சொல்வது? முயற்சி திருவினை ஆக்கும் என்றா சொல்வது? அவள்தான் முயற்சி செய்துவிட்டாளே.

அப்புறம் அவளாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அரை பாட்டில் தண்ணீர் வைத்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை கல் நிறைவதற்கு முன்பே தண்ணீர் வாய்க்கு வந்து வழிந்தது. அடுத்து கித்தாக் கொட்டை, அதாவது ரப்பர் விதை. பழைய நினைவுக்காக மைலோ டின்னில் கொஞ்சம் வைத்திருக்கிறேன், அதை எடுத்துப் போட்டாள். எல்லாம் மேலே மிதந்தன. "காக்கா இதைப் போட்டிருந்தா செத்துப் போயிருக்கும்" என்றாள். ஒரு மத்தியானம் முழுக்க வாசலெல்லாம் ஈரம். மருமகள் வந்து முறைத்தாள், அது வேறு கதை.

இரவு மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொன்னான். 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரூக் என்ற காக்கை இனப் பறவைகள் நான்கை வைத்து இந்தக் கதையையே சோதித்திருக்கிறார்களாம். குழாயில் தண்ணீர், அதில் மிதக்கும் புழு, பக்கத்தில் கற்கள். பறவைகள் கல்லைப் போட்டுத் தண்ணீரை ஏற்றிப் புழுவை எடுத்துத் தின்றன. சின்னக் கல்லும் பெரிய கல்லும் கலந்து வைத்தால் போகப் போகப் பெரிய கல்லையே எடுத்தன. பின்னாளில் நியூ கலிடோனியா காக்கைகளிடம் மூழ்கும் பொருளையும் மிதக்கும் பொருளையும் வைத்தபோது அவை மூழ்குவதையே அதிகம் தேர்ந்தெடுத்தன. மகன் சொல்லி முடிக்கவில்லை, "நான் கித்தாக் கொட்டை போட்டேனே, அது மாதிரியா?" என்று பேத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தூங்கும்போது மணி பதினொன்று.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்தப் பச்சைக் கட்டம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் பாட்டில் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை முடிந்தது, நீதி கிடைத்தது, பக்கத்தைத் திருப்பு என்று கட்டமே சொல்லிவிடுகிறது. பள்ளியிலும் அந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வள்ளுவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் காக்காவுக்காக அதை எழுதவுமில்லை. விடாமுயற்சி என்று ஓயாமல் சொல்லிக் கொடுக்கிறோமே, எதை விடாமல் முயல வேண்டும் என்பது முதலில் 'ஏன் இப்படி?' என்று கேட்டால்தானே தெரியும்?

எனக்கு அது தெரிந்தது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில்தான். 1977-இல், 16 வயதில், குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது செம்பனையில் காய் பிடிக்க வேண்டுமென்றால் மனிதர்தான் பூவுக்கு மகரந்தம் போட வேண்டும். ஆண் பூவை வெட்டி உலர்த்தி உதிர்த்து, டால்கம் மாவில் கலந்து கொடுப்பார்கள். எங்களுக்கு எல்லாமே பவுடர்தான். அதைக் கையால் அமுக்கி ஊதுகிற குப்பியில் நிரப்பிக்கொண்டு, மட்டை முள்ளுக்குள் தலையை விட்டு, விரிந்திருக்கும் பெண் பூவைத் தேடி ஊத வேண்டும். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும். அதனால் அதே மரத்துக்கு அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். ஆண் பூவுக்குச் சோம்பு வாசம். துணி, தலைமுடி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் சோம்பு. மட்டன் குழம்பு கொதிக்கிற வீட்டிலிருந்து வருகிறாயா என்று பாசாரில் கேட்டிருக்கிறார்கள். பெண்கள்தான் பெரும்பாலும் இந்த வேலை செய்தோம். கண்ணில் மாவு விழும், முதுகில் முள் கீறும். ஏன் நாம் ஊத வேண்டும், இந்த மரம் பிறந்த ஆப்பிரிக்கக் காட்டில் யார் ஊதினார்கள் என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. நானும்தான்.

கேட்டவர் லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை. மலாயாவில் வேலை செய்தவர், 1950களில் ஆப்பிரிக்காவில் இருக்கும் கேமரூனுக்குப் போனார். அங்கே யாரும் ஊதாமலே மரம் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதையும், பூவில் சின்னச் சின்ன வண்டுகள் மொய்ப்பதையும் பார்த்தார். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது, வண்டுக்கு அதில் வேலையில்லை என்பது அப்போதைய நிபுணர்களின் முடிவு. மனிதர் அதை மறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, நிறுவனத்தில் மேல் பதவிக்கு வந்த பிறகு, ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சி ஆய்வாளரைக் கேமரூனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவர் மரத்தடியிலேயே கிடந்து பார்த்து, வேலையைச் செய்வது வண்டுதான் என்று காட்டினார். வேறு பயிரைத் தின்னுமா என்றும் சோதித்தார்கள். 1981 பிப்ரவரியில் நம் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் அதை முதலில் விட்டார்கள். உளுந்தைவிடச் சின்ன வண்டு. கொஞ்ச நாளில் எங்கள் தோட்டத்துக்கும் வந்துவிட்டது.

வண்டு வந்ததும் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எங்களை உதிரிப் பழம் பொறுக்க விட்டார்கள். அப்போது அந்த வண்டைத் திட்டாத பெண் இல்லை. கதையில் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்குப் புரியும்.

இதைப் படக்கதையாக யாராவது போடக் கூடாதா? நம் நாட்டில் நன்றாகப் படம் வரைகிற தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் புத்தகத்தில் சிங்கமும் நரியும் திராட்சைக் கொடியும்தான் வருகின்றன. பேத்தி திராட்சையைப் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் பள்ளிப் பேருந்து தினமும் செம்பனை மரங்களுக்கு நடுவில்தான் போகிறது. குளுவாங் என்ற பெயரே பழம் தின்னும் வௌவாலால் வந்தது. அந்த வௌவாலைக் கதாநாயகனாக வைத்து நான் இதுவரை ஒரு தமிழ்ப் படக்கதைகூடப் பார்க்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை ஐயா. அடுத்து ஒரு நீதிக்கதை போடும்போது அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் பாருங்கள். வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வி போடுங்கள், 'பானையில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும்?' என்பது மாதிரி. பிள்ளைகள் கல்லையும் பாட்டிலையும் தேடட்டும். வாசலைத் துடைக்கப் பாட்டிகள் இருக்கிறோம்.

வண்டுக் கதையைச் சொன்னதிலிருந்து பேத்திக்கு அடுத்த சந்தேகம். சோம்பு வாசத்துக்குத்தானே வண்டு வருகிறது, அப்படியென்றால் நம் வீட்டுச் சோம்பைத் திறந்து வைத்தால் வருமா? சமையலறை ஜன்னலில் நான்கு நாளாக ஒரு கிண்ணம் சோம்பு உட்கார்ந்திருக்கிறது. இதுவரை எறும்புகூட வரவில்லை. கிண்ணத்தை எடுக்கவும் விடமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குளுவாங், ஜொகூர்.