'டேக்' எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் இரவல் வாங்கிய சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் அது முழுக்க லத்தீன், பிரெஞ்சு என்றே போய்விட்டது. நீதிமன்றச் சொற்களும் அரண்மனைச் சொற்களும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் ஆங்கிலத்தில் வாய் திறந்தாலே வந்து விழுகிற 'டேக்' (take, எடு) என்ற வினையும் இரவல்தானே? அதைப் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா?

எடுப்பதைப் பழைய ஆங்கிலத்தில் 'நிமன்' என்பார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் 'நேமன்' என்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழியே படையெடுத்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துத் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியின் 'தாகா'தான் 'டேக்' ஆனது. ஆங்கில எழுத்தில் அது தலைகாட்டுவது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பழைய ஆங்கிலமும் நார்ஸும் பங்காளி மொழிகள். அக்கம்பக்கத்தில் குடியிருந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களின் பேச்சு கலக்காமல் இருக்குமா?

புதியது வேரூன்ற, பழைய 'நிமன்', 'நிம்' என்றாகி மெல்ல ஒதுங்கி, 'திருடு' என்ற பொருளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷேக்ஸ்பியர் தன் திருட்டுச் சிப்பாய் ஒருவனுக்கு நிம் என்றே பெயர் வைத்தார். இன்னொரு எச்சமும் உண்டு. குளிரில் விரல் மரத்துப்போனால் 'நம்' (numb) என்கிறார்களே, அது 'நிம்' வினையிலிருந்து பிறந்ததுதான். 'எடுக்கப்பட்டது', 'பிடிபட்டது' என்று அதற்குப் பொருள். விரலின் உணர்ச்சியைக் குளிர் எடுத்துக்கொண்டுவிட்டது! எழுத்தில் கடைசியாக வரும் 'பி' பிற்காலத்தில் ஒட்டவைத்தது, அதை யாரும் உச்சரிப்பதில்லை. சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' கூட இதே குடும்பம்தான்.

வந்த சொல்லோ எங்கும் பரவிவிட்டது. மருந்து சாப்பிட, போட்டோ எடுக்க, நேரம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் 'டேக்'. அப்பாவை உரித்து வைத்த பிள்ளை 'டேக்ஸ் ஆஃப்டர்', ஏமாந்தவன் 'டேக்கன் இன்'. நாம் அன்றாடம் சொல்லும் 'மிஸ்டேக்' கூட நார்ஸிலிருந்து வந்ததுதான். தவறாக எடுத்துக்கொள்வது என்பதே அதன் மூலப்பொருள்.

'கெட்' (get, பெறு), 'கால்' (call, அழை), 'டை' (die, இற) ஆகிய வினைகளும், ஏன், 'அவர்கள்' என்று சுட்டும் 'தே'யும் வைக்கிங்குகள் விட்டுச் சென்றவையே. அரசவை தந்ததை மட்டும் கணக்கில் எடுத்து, அடுக்களையிலும் வயலிலும் கலந்ததை விட்டுவிட்டால் ஒரு மொழியின் வரலாறு பாதிதான். கட்டுரையாளர் இந்தச் சொற்களுக்கென்று இன்னொரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்