உண்ணிச்செடி பிடுங்கும் பணத்தை எங்கள் கிராமசபைக் கணக்கிலேயே போடுங்கள்

அனுப்புநர்: சமூக வன உரிமை பெற்ற சோளகர் ஊர் ஒன்றின் கிராமசபை, சத்தியமங்கலம் மலைப்பகுதி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்: இயக்குநர், பழங்குடியினர் நலத்துறை, சென்னை.

பொருள்: காட்டைப் பராமரிக்க வரும் மானியத்தைக் கிராமசபை வழியாகச் செலவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் காட்டுக்கென்று அரசு ஒதுக்குகிற பணம் எங்கள் கைக்குக் கூலியாக மட்டும்தான் வந்து சேர்கிறது. எந்தப் பக்கம் வேலை, எந்த மாதம் வேலை, எதைப் பிடுங்குவது, எதை நடுவது என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்துவிட்டு, கடைசியில் ஆள் மட்டும் வேண்டும் என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள். இதை மாற்றித் தரச் சொல்லித்தான் இந்த மனு.

வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் காட்டை மூடிக்கொண்டிருக்கிற உண்ணிச்செடியையே (லாண்டானா) எடுத்துக்கொள்ளுங்கள். போன முறை ஒரு ஒப்பந்ததாரர் வந்து, தரைக்கு மேலே ஒரு சாண் விட்டு அரிவாளால் சீவிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லும் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் புதுத் தளிர் வந்து முன்பைவிட அடர்ந்துவிட்டது. அதை ஒழிக்க வேண்டுமென்றால் மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். காய் கருப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், இல்லையென்றால் குருவிகள் தின்றுவிட்டு விதையைக் காடு முழுக்கப் போட்டுவிடும். அதோடும் முடியாது, அடுத்த இரண்டு மூன்று மழைக்கு முளைக்கிற கன்றுகளைத் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் பில் முடிக்க வேண்டிய ஒப்பந்ததாரர் மூன்றாம் வருடம் எதற்கு வரப்போகிறார்? நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம்.

புல் இருந்த இடத்தையெல்லாம் உண்ணி பிடித்துவிட்டதால் மான், காட்டெருமைக்கு மேய்ச்சல் இல்லை, எங்களுக்குச் சீமாறு புல்லும் குறைந்துவிட்டது. புதருக்குள் யானை நிற்பது பத்தடிக்கு இந்தப் பக்கம் வரும்வரை தெரிவதில்லை. நெல்லி மரங்களில், மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவி ஏறிக்கிடக்கிறது. முன்பெல்லாம் பெரியவர்கள் கோடை தொடங்கும்போது சருகுக்கு மட்டும் தணிவான நெருப்பு வைப்பார்கள், தரகு பெங்கி என்போம். அது நின்றபிறகுதான் உண்ணியும் புல்லுருவியும் இப்படிப் பெருகின என்பது அவர்கள் கணக்கு. நெருப்புக்கு உடனே அனுமதி கிடைத்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. திட்டம் போடும்போது அதைப் பேசவாவது விடுங்கள் என்கிறோம்.

நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் எங்களுக்கு உரிமை தருகிறது. 5ஆவது பிரிவு அந்தப் பொறுப்பைக் கிராமசபையிடம் கொடுக்கிறது. 2012இல் திருத்திய விதிகளில் 16ஆவது விதி, உரிமை பெற்றவர்களுக்கு அரசுத் துறைகளின் திட்டங்களைக் கொண்டு சேர்க்கச் சொல்கிறது. சமூக வன வளத்தை எப்படி நிர்வகிப்பது என்று 2023இல் மத்திய பழங்குடியினர் அமைச்சகம் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த உயர்நீதிமன்ற உத்தரவால் 2016வரை இந்தச் சட்டப்படி வன உரிமைப் பட்டா கொடுக்கும் வேலை முடங்கிக் கிடந்தது, சரி, அது போகட்டும். இப்போது பட்டா கையில் இருக்கிறது, பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம், அதை வைத்து ஒரு செடி பிடுங்கக்கூட எங்களால் முடிவெடுக்க முடியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் எங்கள் சோளகர் சொந்தங்களுக்கு 2011லேயே, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, சமூக உரிமை கொடுத்தார்கள். மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா ஊர் 1,809 ஹெக்டேர் காட்டைத் தன் பொறுப்பில் வைத்து மூங்கிலைத் தானே விற்கிறது. அங்கே முடிவதை இங்கே செய்தால் என்ன கெட்டுவிடும்?

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024இல் மத்திய அரசு பழங்குடி ஊர்களுக்காகத் தொடங்கிய தர்தி ஆபா திட்டத்துக்கு நாடு முழுக்க 79,156 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். காட்டுப் பொருளைப் பக்குவப்படுத்தி விற்கும் வன் தன் மையத்துக்கு 300 பேர் சேர்ந்தால் 15 லட்சம் வரை கிடைக்கும் என்கிறார்கள், நல்லதுதான், ஆனால் காடே உண்ணியாகிவிட்டால் அந்த மையத்தில் எதைப் பொட்டலம் போடுவது?

ஆகவே, எங்கள் வன வள மேலாண்மைக் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க உதவி, உண்ணி அகற்றவும் புல்லும் நாட்டு மரமும் மீட்கவும் வரும் மானியத்தை நேராக அதில் போட வேண்டும். ஒரே வருடத்துக்கு மொத்தமாக வேண்டாம், மூன்று வருடத்துக்குப் பிரித்துத் தந்தால் போதும். மேலாண்மைத் திட்டம் எழுத, வரைபடம் போடத் தெரிந்த ஒருவரைச் சில மாதம் அனுப்பினால் போதும். காட்டின் பெயர்களையும் எல்லையையும் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்கைக் கிராமசபையில் எல்லார் முன்னாலும் வாசிக்கிறோம், வனத்துறையும் வந்து தணிக்கை செய்யட்டும், எங்களுக்கு ஆட்சேபமில்லை. வேலைக்குப் பெண்களுக்கும் ஒரே கூலி என்று ஏற்கனவே தீர்மானம் போட்டுவிட்டோம்.

அடுத்த முறை செடி காய்க்கும் முன் உத்தரவு வந்தால் இந்த வருடமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கிராமசபை உறுப்பினர்கள்

இணைப்பு: பட்டா நகல், தீர்மான நகல், கையெழுத்து மற்றும் கைரேகைத் தாள்கள்.